கைவேலைப் பக்கம்: ஒரு ஓரம் வழவழப்பு, மறு ஓரம் படிக்கட்டு



குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் இப்பகுதிக்கு ஒரே விதமான கேள்வி வந்து சேருகிறது. மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கமிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களே பெரும்பாலும் அதைக் கேட்கின்றன. மலைமேல் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு நாய் இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குப் போகும்போது அதற்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொண்டுபோக விரும்புகிறார்கள். முதுகுப் பாகம் அழகாய் வருகிறது. ஆனால் முன்கால்களைத் தாண்டிக் கழுத்தை நோக்கிக் கண்ணிகளைக் குறைக்கத் தொடங்கியதும் ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் படிக்கட்டுப்போலவும் அமைந்துவிடுகிறது. “எங்கள் கை சரியில்லையோ?” என்று கேட்கிறார்கள்.

கை சரியாகவே இருக்கிறது. இடப்பக்கக் குறைப்பும் வலப்பக்கக் குறைப்பும் ஒன்றுபோலவே செய்யத்தக்கவை என்று நாம் நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதை விளக்குமுன், நாய்க்குச் சட்டை என்றதும் சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

பாலக்காட்டுச் சமவெளியில், சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ, இது தேவையற்றது. பங்குனி வெயிலில் அங்கே நாய்க்குச் சட்டை போடுவது கொடுமை. நெல்லியாம்பதி மேட்டுக்கும் மூணாற்றுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2019 ஜனவரியில் அங்குள்ள சில எஸ்டேட்டுகளில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகின. நம் ஜனங்கள் வளர்க்கும் கன்னியும் சிப்பிப்பாறையும் தென்மாவட்டத்துக் கரிசல் நிலத்து நாய்கள். குட்டை ரோமமும் மெல்லிய தோலும் கொண்டவை. நாட்டு நாய்களிலும் பல அப்படியே. அடர்ந்த ரோமமுள்ள நாய்க்குச் சட்டை வேண்டியதில்லை. இவற்றிற்கு, அதிலும் வயது சென்றவற்றிற்கு, விடியற்காலைக் குளிரில் அது ஆடம்பரமல்ல.

லயத்து வீடுகளில் நாய் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை 2020 ஆகஸ்டில் நாடு முழுவதும் கண்டது. பெட்டிமுடி மண்சரிவு 70 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். குவி என்னும் நாய் தன் வீட்டாரை நாட்கணக்காய்த் தேடி, அந்த வீட்டுச் சிறு குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்தச் செய்தியை வாசித்த எவரும் நாய்க்கு ஏன் சட்டை என்று கேட்கமாட்டார்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஊசியின்மேல் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் இங்கே கண்ணி என்று சொல்கிறோம். கன்னி நாய்க்குக் கண்ணி எண்ணுகிறோம்; உச்சரிப்பில் ஜாக்கிரதையாயிருங்கள்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலைசெய்யும் சகோதரிகள் வட்ட இயந்திரம் குழாய்போலத் துணியைப் பின்னித் தள்ளுவதைத் தினமும் காண்கிறார்கள். அந்தத் துணிக்கு வடிவம் கொடுப்பது கட்டிங் மாஸ்டரின் கத்தரி. கைப்பின்னலில் கத்தரிக்கு வேலையில்லை. அகலத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்குகிறோம், அவ்வளவுதான். இயந்திரத்திலும் இப்படி வடிவம் கொடுக்கும் வகை உண்டு. வில்லியம் காட்டன் என்னும் ஆங்கிலேயர் 1864இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் கண்ணிகளைத் தானே நகர்த்திக் குறைத்தது. வீட்டில் நல்ல பழைய ஸ்வெட்டர் இருந்தால் அதன் அக்குள் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்திலிருந்து சிறிது உள்ளே தள்ளிச் சாய்வான சிறு குறிகள் வரிசையாய்த் தெரிந்தால் அவைதான் குறைப்புகள். இடப்பக்கக் குறிகளும் வலப்பக்கக் குறிகளும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கண்ணிகள் ஒன்றாகும்போது ஒன்று முன்னே நிற்கும், மற்றொன்று அதன் பின்னே மறையும். முன்னே நிற்கும் கண்ணி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே கண்ணுக்குத் தெரியும் சாய்வு. வலது ஊசியை இரண்டு கண்ணிகளுக்குள்ளும் ஒரே தடவையில் நுழைத்து நிட் போட்டால் இடப்புறக் கண்ணி முன்னே வருகிறது. பின்னல் வலப்பக்கம் சாய்கிறது. நாம் முதன்முதல் கற்றுக்கொள்வதும், பலர் ஆயுசு முழுவதும் செய்வதும் இந்த ஒன்றைத்தான். துண்டின் நல்ல பக்கத்தை உங்களை நோக்கி வைத்துப் பார்த்தால், இடது ஓரம் மேலே போகப்போக வலப்பக்கமாய் உள்வாங்குகிறது. ஆகையால் அங்கே இது ஓரத்தோடு ஒத்துப்போய் வழவழப்பாய் அமைகிறது. இதையே வலது ஓரத்திலும், அதாவது நிட் வரிசையின் ஆரம்பத்தில், செய்தால் ஓரம் ஒரு பக்கம் போக, கண்ணி அதற்கு எதிராய்ச் சாய்கிறது. ஒவ்வொரு குறைப்பும் ஒரு பல்லைப்போல நீட்டிக்கொள்கிறது. நீங்கள் காணும் படிக்கட்டுகளில் பாதிக்கு மேல் இவ்விதம் உண்டானவை.

வலது ஓரத்துக்கு இடப்பக்கம் சாயும் குறைப்பு வேண்டும். அதைச் செய்யும் விதம் இது: முதல் கண்ணியை நிட் போடுவதுபோல் ஊசியை நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். இரண்டாவதையும் அப்படியே மாற்றுங்கள். பிறகு இடது ஊசியின் முனையை அவ்விரண்டின் முன்பக்கத்தில் நுழைத்து, பின்னாலிருக்கும் வலது ஊசியால் இரண்டையும் சேர்த்து நிட் போடுங்கள். ஒன்றை மாற்றி, அடுத்ததைப் பின்னி, மாற்றியதை அதன்மேல் தாண்டவிடும் பழைய முறையும் இதே சாய்வைத் தரும். இரு ஓரங்களிலும் முதல் கண்ணியையோ முதல் இரண்டையோ விட்டுவிட்டே குறைக்கவேண்டும். ஓரக் கண்ணியிலேயே குறைத்தால் பின்பு இரண்டு பாகங்களையும் இணைத்துத் தைக்கும்போது ஊசிக்குப் பிடி கிடைக்காது.

“அப்படித்தான் செய்கிறேன், ஆனாலும் வலது ஓரத்துக் கண்ணிகள் தளர்ந்து, கோணல்மாணலாய்த் தெரிகின்றனவே” என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். வலப்பக்கம் சாயும் குறைப்பில் ஊசி ஒரே முறை நுழைந்து ஒரே முறை வெளியேறுகிறது. இடப்பக்கம் சாயும் குறைப்பிலோ கண்ணிகள் ஊசி மாறுகின்றன, திரும்புகின்றன, மறுபடி ஊசியை ஏற்கின்றன. ஒவ்வொரு தடவையும் சற்று விரிகின்றன. விரியும் கண்ணி தனக்கு வேண்டிய நூலை அண்டையிலுள்ள கண்ணிகளிடமிருந்து இழுத்துக்கொள்கிறது. ஊசி வெளியேறிய பின் அந்த நூல் முழுவதும் திரும்பிப் போவதில்லை. முன்னே நிற்கும் கண்ணியே அப்படிப் பெருத்துவிடுவதால் குறை நன்றாய்த் தெரிகிறது.

இதற்காக நூலை இறுக்கிப் பிடித்துப் பின்னாதீர்கள். பலர் செய்வது அதுதான். வரிசை முழுவதும் இறுகி, சட்டை அந்த இடத்தில் சுருங்குமே தவிர, பெருத்த கண்ணி பெருத்தபடியே இருக்கும். ஊசியின் தடித்த பாகத்தில் அல்ல, கூரிய முனையிலேயே அந்த இரண்டு கண்ணிகளையும் கையாளுங்கள். முனை மெல்லியது; கண்ணி விரிய இடமில்லை. நான் முதலாவது சொல்வது எப்போதும் இதையே. அதுவும் போதவில்லையென்றால், முதல் கண்ணியை நிட் போடுவதுபோலவும் இரண்டாவதைப் பர்ல் போடுவதுபோலவும் ஊசி நுழைத்து மாற்றிப் பாருங்கள். பின்னே மறையும் கண்ணி ஒரு முறுக்கு ஏற்றுத் தட்டையாய்ப் படியும். மூன்றாவது ஒரு வழியும் உண்டு: அடுத்த பர்ல் வரிசையில் அந்தக் குறைப்புக் கண்ணியை மாத்திரம் அதன் பின்கால் வழியாய்ப் பின்னினால், அது முறுகி உபரி நூலைத் தன்னுள் இறுக்கிக்கொள்ளும். 20 கண்ணிகளில் ஒரு சிறு துண்டு பின்னி மூன்றையும் சோதித்து, உங்கள் கைக்கு இசைந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டபின் சட்டை முடியும்வரை அதை மாற்றாதிருங்கள். பாதியில் முறையை மாற்றினால் அந்த இடம் தனியே தெரியும்.

ஏற்கெனவே பின்னி முடித்துவிட்டீர்களா? முனை மழுங்கிய தையல் ஊசியால் பெருத்த கண்ணியின் ஒரு காலை மெதுவாய் இழுத்து, அடுத்த கண்ணிக்கும், அதற்கடுத்ததற்கும் கொஞ்சங்கொஞ்சமாய் அந்த நூலைத் தள்ளுங்கள். இரு பக்கத்திலும் மூன்று நான்கு கண்ணிகளுக்குள் அது பங்கிடப்பட்டு மறைந்துபோகும். சாய்வே தவறாய் விழுந்திருந்தால், அது கடைசியாய்ப் போட்ட குறைப்பாயிருக்கும்போது, முழு வரிசையையும் பிரிக்கத் தேவையில்லை. அதற்கு நேர்மேலே ஊசியில் நிற்கும் கண்ணியை மட்டும் நழுவவிட்டு, ஏணிபோல் அந்த இடம்வரை இறங்குங்கள். அங்கே ஒன்று இரண்டாய்ப் பிரியும். முன்னே வரவேண்டியதை முன்னே வைத்து, குரோஷே ஊசியால் ஏணிப்படி நூலை இரண்டின் வழியாகவும் இழுத்து, படிப்படியாய் மேலே ஏறிவாருங்கள். இரண்டு மூன்று குறைப்புகளுக்குக் கீழே போகவேண்டுமானால் இதில் இறங்கவேண்டாம். ஒவ்வொரு குறைப்பிலும் ஒரு கண்ணி தனியே பிரிந்து நின்று குழப்பும். அப்போது வரிசைகளைப் பிரிப்பதே சமாதானமான வழி.

இதுவரை சொன்னது பார்வைக்கான குறை. நாய்க்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கண்ணிகளின் சாய்வைப் பற்றிக் கவலைப்படுகிற பலர் கண்ணிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. நாயை வருத்துவதோ எண்ணிக்கைதான். ஒரு பக்கம் மூன்று குறைப்பு தவறிப்போனால், சாதாரண நூலில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மனிதர் சட்டையில் தோளை அசைத்துச் சரிசெய்துகொள்ளலாம். நான்கு காலால் நடக்கிற பிராணிக்கு ஒரு கால் திறப்பு முன்னே தள்ளிப்போய், பின்னல் ஓரம் அக்குளில் உராய்ந்துகொண்டே இருக்கும். அங்கே ரோமம் குறைவு. தோல் சிவந்து, புண்ணாகி, நாய் சட்டையைக் கடித்து இழுக்கத் தொடங்கும். நாம் அதை முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மார்புச் சுற்று 60 சென்டிமீட்டரும் கழுத்துச் சுற்று 36 சென்டிமீட்டரும் உள்ள நாய். 8ஆம் எண் ஊசியில், நடுத்தரத் தடிப்புள்ள நூலில், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் வருகின்றன என்று வையுங்கள். முதுகுப் பாகம் 88 கண்ணி, வயிற்றுப் பாகம் 52 கண்ணி. கழுத்துக்கு வரும்போது முதுகு 56 ஆகவும் வயிறு 32 ஆகவும் இருக்கவேண்டும். முதுகில் குறையவேண்டியது 32, பக்கத்துக்கு 16. ஒவ்வொரு நிட் வரிசையிலும் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறைத்தால் 32 வரிசைகளில், ஏறத்தாழ 11 சென்டிமீட்டரில், முடிந்துவிடும். வயிற்றுப் பாகத்தில் குறையவேண்டியது 20. பக்கத்துக்கு 10 மாத்திரம். ஆனால் இரண்டு பாகங்களையும் இணைத்துத் தைக்கவேண்டியிருப்பதால் இங்கேயும் அதே 32 வரிசைகள் வேண்டும். ஆகவே 4 வரிசைக்கு ஒருமுறை என்று 6 தடவையும், 2 வரிசைக்கு ஒருமுறை என்று 4 தடவையும் குறைக்கவேண்டும். 24உம் 8உம் சேர்ந்து 32. ஆறையும் முதலில் முடித்துவிட்டு நான்கைக் கடைசியில் வைத்தால் ஓரம் வளைந்துபோகும். ஒன்றுவிட்டு ஒன்றாய்க் கலந்து போடுங்கள்.

பெரும்பாலும் குழப்பம் நேர்வது இந்த வயிற்றுப் பாகத்தில்தான். ‘4 வரிசைக்கு ஒருமுறை’ என்றால் மூன்று வரிசை சாதாவாய்ப் பின்னி நான்காவதில் குறைப்பது. நான்கு சாதா வரிசைக்குப் பின் ஐந்தாவதில் குறைப்பவர்களுக்குப் பாகம் நீண்டுவிடுகிறது. அதை முதுகோடு இழுத்துத் தைத்தால் சட்டை முழுவதும் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். சேப்டி பின் ஒரு பெட்டி வாங்கிவையுங்கள். ஒவ்வொரு குறைப்பிலும், அது போட்ட அந்த நிமிஷமே, ஒரு பின் குத்துங்கள். வரிசை முடிவில் இடது ஓரப் பின்களையும் வலது ஓரப் பின்களையும் எண்ணுங்கள். மனக்கணக்கை நம்பவேண்டாம், அடுப்பில் பால் பொங்கும் வீட்டில் மனக்கணக்கு நிற்பதில்லை. 8 வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஓட்டிவைத்தால், பிரிக்க நேர்ந்தாலும் அதற்குக் கீழே பிரியாது.

தவறு கண்டுபிடித்தபின் என்ன செய்வது? ஒரு பக்கத்தில் ஒரு குறைப்பு விட்டுப்போயிருந்தால், அடுத்த வரிசையிலேயே அந்தப் பக்கம் மட்டும் ஒன்று குறைத்துச் சமப்படுத்துங்கள், ஒருவருக்கும் தெரியாது. இரண்டு விட்டுப்போயிருந்தால் அடுத்தடுத்த இரண்டு நிட் வரிசைகளில், வழக்கமான குறைப்புக்கு நாலு கண்ணி உள்ளே தள்ளி, ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக் குறையுங்கள். மூன்றும் அதற்கு மேலுமானால் பிரியுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குறைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினால் கணக்கு நேராகும், சட்டை நேராகாது.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். இவற்றின் மார்பு ஆழமானது, இடுப்போ உள்ளடங்கியது. மார்பளவுக்குப் பின்னிய சட்டை இடுப்பில் தொங்கி, பின்காலில் சிக்கும். ஆகையால் வயிற்றுப் பக்கத்திலும் சில கண்ணிகள் குறைத்தாகவேண்டும். ஆண் நாயானால் வயிற்றுப் பாகத்தை முன்னதாகவே நிறுத்திவிடுங்கள், காரணம் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு பாகங்களையும் தைத்தபின் கழுத்துப் பட்டை. தையலில் நான்கு ஓரக் கண்ணிகள் போக 84 கண்ணிகள் மிஞ்சும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று வரும் ரிப் பின்னலுக்கு நான்கால் வகுபடும் எண் வேண்டும், 76 ஆக்குவோம். ஒரே சுற்றில் 8 குறைப்பு. 84ஐ 8ஆல் வகுத்தால் 10, மீதி 4. மீதியைக் கடைசியில் தள்ளிவிடுவதால்தான் பலருக்குக் கழுத்தின் ஒரு பக்கம் சுருங்குகிறது. அந்த நாலையும் நாலு பங்குக்குப் பிரித்துக் கொடுங்கள். 8 நிட் போட்டு இரண்டைச் சேருங்கள். பிறகு 9 நிட் போட்டு இரண்டைச் சேருங்கள். இப்படியே மாறிமாறி நான்கு தடவை. 10உம் 11உம் நான்கு முறை சேர்ந்து 84, குறைந்தபின் 76. பட்டைக்கு 10ஆம் எண் ஊசி போதும். பின்னி முடித்ததும் நாயின் தலை எளிதாய் நுழைகிறதா, கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள்.

ஊசி எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் கேட்டு வாங்கும் எண்கள் பழைய ஆங்கிலேய முறை. எண் கூடக்கூட ஊசி மெலிந்துபோகும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பில் 8 என்று கண்டால் அது 5 மில்லிமீட்டர். பேத்தி செல்போனில் எடுத்துக்கொடுத்த அளவுக் குறிப்பு வெளிநாட்டுடையதானால் மில்லிமீட்டரைப் பார்த்தே ஊசியை எடுங்கள்.

நூலைப் பற்றியும் சொல்லவேண்டும். மூணாற்றுக்குக் கிழக்கே, எல்லை தாண்டினால் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. உயர்ந்த ரோமமுள்ள பாரத் மெரினோ ஆடுகள் அங்கே வளர்க்கப்படுகின்றன. ஆட்டு ரோமம் அவ்வளவு அருகில் இருந்தும், கடையில் உல்லன் என்று நாம் வாங்கும் உருண்டை பெரும்பாலும் அக்ரிலிக். லேபிளை வாசியுங்கள். அசல் கம்பளியானால் நனைத்து, கையால் வடிவப்படுத்தி உலர்த்தும்போதே கோணலான கண்ணிகள் பல தாமாய் ஒழுங்குபடும். அக்ரிலிக் அப்படி இணங்காது. அதைச் சரிசெய்யலாம் என்று சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திவிடாதீர்கள். ஒருமுறை உருகித் தட்டையான நூல் மறுபடி எழும்பாது.

சட்டையில் பொத்தானோ தொங்கும் நூலோ வேண்டாம். ஒன்றை நாய் விழுங்கும், மற்றதில் நகம் சிக்கும். போட்ட முதல் நாளில் அரைமணி நேரம் நடக்கவிட்டு, கழற்றி, இரண்டு அக்குளிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்த சட்டை குளிரைக் கூட்டும். உடனே கழற்றி நாயைத் துடைத்துவிடச் சொல்லிவாருங்கள். துவைப்பது குளிர்ந்த நீரில், முறுக்காமல். துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, மட்டமான இடத்தில் விரித்து, ஓரங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய் மடித்து அளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி விரித்து நிழலில் உலரவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டுவிடும். மூணாற்றுக் குளிரில் உலர இரண்டு நாள் ஆகலாம். ஆகையால் மாற்றுக்கு இன்னொன்று பின்னிவைப்பது நல்லது.